திருத்தாத தாடை

சனிக்கிழமை, மதியம்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். அது பாதி உண்மைதான் என்பதால் மீதியையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பாய். போனில் சொல்லலாம் என்றால், நான் ஹலோ சொல்வதற்குள் உன் அத்தான் யாரு, சின்னவளா என்று ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் அவர் போனில் ஒருநாளும் சார்ஜ் இருந்ததில்லை. அவரிடம் கார் ஓட்டப் படிக்கிறவர்கள் எல்லோரும் இன்னைக்கு கிளாஸ் உண்டா சார் என்று என் நம்பருக்குத்தான் அனுப்புகிறார்கள். அவர் நாளைக்குப் பத்துத் தடவை என் போனை எடுத்துப் பார்க்கிறார். வீடியோவில் சொல்லலாம் என்றால் நீ மூன்று வருஷமாகக் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். ஒரு கேமராவைச் சரிபண்ண மூன்று வருஷம் ஆகிற ஊரில் நீ எப்படித்தான் காலம் தள்ளுகிறாயோ. அதனால் கையால் எழுதி, ஸ்டுடியோ ஸ்கேனரில் வைத்து, மெயிலில் அனுப்புகிறேன். தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் விஷயம் இன்னும் வளர்ந்துவிடும்.

வளர்ந்துவிடும் என்று சும்மா சொல்லவில்லை. எனக்கு மீசை முளைத்திருக்கிறது.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. இரண்டு மாதம் முன்னால் என் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோ முதலாளியே படம் எடுத்தார். என் வேலை உனக்குத் தெரியும். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைத் துடைப்பது. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எதுவானாலும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, பிரஷ்ஷை வைத்து ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் மேலுதட்டைத் துடைத்து, தாடையைத் துடைத்து, காதோரம் வந்தபோதுதான் யாருடைய முகத்தைத் துடைக்கிறேன் என்று உறைத்தது. எழுந்துபோய்க் கழுவுமிடக் கண்ணாடியில் பார்த்தேன். படம் பொய் சொல்லவில்லை. கண்ணாடிதான் இத்தனை நாளும் எனக்கு மரியாதை கொடுத்து வந்திருக்கிறது.

பார்லருக்குப் போய் நூல் வைத்து எடுத்தேன். பத்தே நாளில் திரும்பி வந்தது, முன்பைவிடத் தடிப்பாக. சரி, இது பார்லர் விவகாரம் இல்லை, டாக்டர் விவகாரம் என்று தெரிந்தது. டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும்போது அசிங்கமாக இருக்கக்கூடாதே என்று முதல் நாளே எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டுப் போனேன். அவர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கேம்மா முடி என்று கேட்டார். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். உடம்பில் ஒன்பது இடம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். முடி இருந்தால்தானே மதிப்பெண் போட முடியும், நாலு வாரம் தொடாமல் வளர்த்துக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார். விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குகிற புத்தி நம் அம்மா கொடுத்தது. அது இப்படி ஒருநாள் என்னை முட்டாளாக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த நாலு வாரமும் நான் பட்ட பாட்டைக் கேள். ஸ்டுடியோவில் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மாஸ்க் போட்டுக்கொண்டேன். முதலாளி நல்ல மனுஷன். என் மூக்குக்காகத் தினமும் திரைச்சீலையைத் தட்டி, லைட்டையெல்லாம் துடைத்து, இப்போது ஸ்டுடியோ பளபளவென்று இருக்கிறது. வீட்டில் மாஸ்க் போட முடியாதே. அதனால் எப்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்கிறேன். உன் அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியவரிடம் எனக்கு மீசை வந்திருக்கு என்று எந்த வாயால் சொல்வது? சொல்லத்தான் உதட்டை அசைக்க வேண்டும், அசைத்தால் தெரிந்துவிடும்.

அவருக்கும் அவர் பாடு. ஐந்து மாதமாகத் தோள்பட்டை வலி. கற்றுக்கொள்கிறவர்கள் தப்பாகத் திருப்பும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து இழுத்து இறங்கிப்போச்சு என்கிறார். டாக்டர் ஒரு ஜெல் கொடுத்திருக்கிறார், அமுக்கினால் வருகிற பாட்டிலில். தண்ணீர் மாதிரி இருக்கும், ஸ்பிரிட் வாசனை அடிக்கும். நானே தடவிக்கிறேன், உனக்கெதுக்கு சிரமம் என்று முதலில் ரொம்பக் கூச்சப்பட்டார். நான் விடுவேனா? தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று, இரண்டு தோளிலும் அழுத்தித் தேய்த்துவிடுகிறேன். பின்னால் நிற்பதால் என் முகத்தையும் அவர் பார்க்க முடியாது, வசதியாகப் போயிற்று. உள்ளங்கையில் மிச்சமிருப்பதை வீணாக்காமல் மவுஸ் பிடித்துப் பிடித்து வலிக்கிற என் மணிக்கட்டிலும் கழுத்திலும் தடவிக்கொள்வேன். அவருக்குக் குணமான மாதிரி தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒரு தெம்பு வந்திருக்கிறது. போன வாரம் சிலிண்டரை நானே தூக்கி மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நாலு வாரம் முடிந்து போனேன். முப்பத்தாறுக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்கூட எனக்கு இவ்வளவு கிடைத்த ஞாபகம் இல்லை. எட்டைத் தாண்டினாலே ஹார்மோன் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மாதவிலக்கு தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காலை எட்டு மணிக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டுமாம். சீட்டில் இருந்த பெயர்களில் டெஸ்டோஸ்டிரோன் ஒன்றுதான் எனக்கு வாயில் நுழைந்தது. அது ஆண்பிள்ளைச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பெண்களுக்கும் கொஞ்சம் உண்டாம். ஐம்பது அறுபதுக்கு மேலே போகக்கூடாதாம்.

நேற்றுக் கொடுத்தேன். இன்று காலை லேப் பெண் போன் செய்து, அக்கா, உங்க டியூப் இன்னொருத்தரோடது கூட மாறிப்போச்சுன்னு நினைக்கிறேன், திங்கட்கிழமை மறுபடி வந்துடுங்க, அஞ்சாம் நாளுக்குள்ள இருக்கும் என்று கெஞ்சினாள். என் சீட்டில் ஒரு ஆம்பளையின் எண் வந்திருக்கிறதாம். எனக்கு நிம்மதியாகிவிட்டது. என் எண்ணை வாங்கிக்கொண்டு எவரோ ஒரு மனுஷர் வீட்டில் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார், பாவம்.

நம் அம்மாவுக்கு இப்படி இருந்ததா என்று உனக்கு ஞாபகம் உண்டா? உனக்கு ஏதாவது? போன தடவை நீ அனுப்பிய படத்தில் வெயில் காலத்திலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தாய். எழுது.

அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள். பெரியவள் பேச்சைக் கொஞ்சமாவது கேள்.

உன் அக்கா


வெள்ளிக்கிழமை, காலை

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய இரண்டு வரியும் படமும் கிடைத்தன. எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நீ கவலைப்படாதே என்று எழுதியிருக்கிறாய். படத்தில் நன்றாக இருக்கிறாய். ரொம்பவே நன்றாக இருக்கிறாய். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது என் தலையில் வேறு இடி இறங்கியிருக்கிறது.

முதலில் திங்கட்கிழமைக் கதை. ஸ்கூல் குரூப் போட்டோ எடுக்கணும், சீக்கிரம் போகணும் என்று உன் அத்தானிடம் சொல்லிவிட்டு ஏழரைக்கே லேபுக்குப் போனேன். மாஸ்க், தலையில் துப்பட்டா, முழு வேஷம். பெஞ்சில் நாலு பேர். ஓரத்தில் ஒருவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தாளுக்குக் கீழே வலது கால் மட்டும் தரையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் சோபாவிலும் சினிமாக் கொட்டகையிலும் உட்கார்ந்தபடியே பிரேக் போடுகிற கால் ஒன்றுதான் உண்டு. இருபது வருஷம் கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது பிரேக்கை மிதித்த கால் அது. அன்று காலை அவர் என்னிடம் சொன்னது, ஏழு மணிக்குப் பல் டாக்டருக்குக் கார் வகுப்பு என்று.

பேப்பரை விலக்கினேன். அவர் முழித்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும். என் முழியும் அழகாக இருந்திருக்காது. நான் இரும்புச் சத்து என்றேன். அவர் சர்க்கரை என்றார். உடனே இரண்டு பேரும் ஓஹோ என்று தலையாட்டிவிட்டோம், மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்து காபி குடித்தோம். இரண்டு பேர் மட்டுமாகக் கடையில் உட்கார்ந்து காபி குடித்து எத்தனை வருஷமாகிறது தெரியுமா? நான் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். மாஸ்க்கைக் கொஞ்சமாகத் தூக்கித்தான் குடித்தேன்.

புதன்கிழமை டாக்டரம்மாவே போன் செய்தார். டாக்டர் தானாகக் கூப்பிட்டால் நல்ல சேதியாக இருக்காது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டியூப் மாறவில்லையாம். இரண்டாம் தடவையும் என் எண் அதேதான், இருநூற்று அறுபத்தெட்டு. நாளைக்கு உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க என்றார்.

வேறு வழியில்லாமல் அன்றைக்கு உன் அத்தானை ஜன்னல் பக்கம் நிறுத்தி, என் முகத்தை வெளிச்சத்தில் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். இதுவா, இதை நான் என் கண்ணாடியில விழுந்த கீறல்னுல்ல நினைச்சேன், வேற கண்ணாடிக்குச் சொல்லியிருக்கேன் என்றார். நான் ஒரு மாதம் ஒளிந்து திரிந்ததெல்லாம் எதற்கு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நேற்றுப் போனோம். பெண்ணுக்கு எண் இவ்வளவு உயர்ந்தால், சூலகத்திலோ சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற ஒரு சுரப்பியிலோ சின்னக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டுமாம். சனிக்கிழமை ஸ்கேன். இருந்தால் ஆபரேஷன். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பேசும்போது பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டுத் திறந்தார். ஏதாவது மாத்திரை, கிரீம், ஜெல் உபயோகிக்கறீங்களா என்றும் கேட்டார். எனக்கென்று ஒன்றுமில்லை, இவருடைய தோள்வலி ஜெல்தான் மணிக்கட்டில் தடவிக்கொள்வேன் என்றேன். பெயர் கேட்டார். பாட்டிலில் ஒட்டியிருந்த தாள் எப்போதோ பிய்ந்துவிட்டது என்றேன். அதை எடுத்துட்டு வாங்க பார்க்கலாம் என்றார். உன் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அது தீர்ந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மனுஷன் எனக்காக இவ்வளவு பயந்துபோனாரே என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து பாத்திரமெல்லாம் தேய்க்கிறார். பரணில் இருந்ததை எல்லாம் இறக்கித் துடைக்கிறார். நான் எதிரே வந்தால் வாயைத் திறக்கிறார், பிறகு தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்கிறார். இன்று காலையிலிருந்து ஆறு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சின்னவளே. இதை உனக்கு மட்டும்தான் எழுத முடியும். விடுதியில் படிக்கிற மகளுக்குப் பரீட்சை முடிகிற வரை சொல்லப்போவதில்லை. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால், அம்மாவின் தையல் மெஷின் உனக்கு. அதன் சின்ன இழுப்பறையில் அம்மாவின் பொத்தான்களும் ஒரு சின்ன இடுக்கியும் இருக்கின்றன, அவையும் உனக்குத்தான். முத்துக் கம்மல் மகளுக்கு. உன் அத்தானுக்கு அவர் சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாது; இரண்டாவது தட்டில் இடது பக்கம், நீ ஒருநாள் அவரிடம் சொல்லிவிடு. மாலை போட்டு மாட்டுவதற்கு ஒரு படம் நேற்று மாலையே நானே தயார் செய்து, என் பெயரில் இருக்கிற ஃபோல்டரில் வைத்துவிட்டேன். முதலாளியிடம் விட்டால் பல்லுக்கு வெள்ளையடித்துவிடுவார். நான் அளவாகத்தான் துடைத்திருக்கிறேன். தாடையைக் கொஞ்சம் அதிகமாகத் துடைத்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாளைக்கு நல்லபடியாக முடிய வேண்டுமென்று நினைத்துக்கொள். நீ பக்கத்தில் இருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு போவேன்.

உன் அக்கா


திங்கட்கிழமை, ஸ்டுடியோவிலிருந்து

என் அருமைச் சின்னவளுக்கு,

போன கடிதத்தில் எழுதியது எல்லாம் ரத்து. தையல் மெஷினை நான் தரப்போவதில்லை. கம்மலைக் கழற்றவும் போவதில்லை. சாக்ஸ் விஷயம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அவர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். சனிக்கிழமை நல்ல சேதி என்று மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கோபம் அடங்காமல் எழுதினால் எழுத்துப் புரியாது என்று இரண்டு நாள் பொறுத்தேன்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு சொட்டும் போகாமல் அடக்கிக்கொண்டு கிளம்பினேன். உன் அத்தான் எத்தனை தடவை குத்தியும் சாவி துவாரத்தில் போகவில்லை. அவரிடம் கற்ற பாடம்தானே என்று டிரைவிங் ஸ்கூல் காரை நானே எடுத்தேன். மேலே எல் போர்டு, பக்கத்தில் அவர், அவர் காலடியில் இரண்டாவது பிரேக்.

பெரிய நாற்சந்தியில் பச்சை விழுந்தது. நான் வண்டியை நகர்த்தினேன். நட்டநடுவில் போகும்போது டக்கென்று பிரேக் போட்டார். வண்டி அப்படியே நின்றது. என் வயிற்றுக்குள் இருந்த ஒன்றரை லிட்டரும் ஒரு குலுங்கு குலுங்கியது. குறுக்கே பூனைகூட இல்லை. பின்னால் வரிசையாக ஹாரன். என்னாச்சு என்றேன். காலை எடுக்காமல், கட்டி இல்லம்மா, அது என் ஜெல் என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பாட்டிலில் ஒட்டியிருந்த தாள். அது தானாகப் பிய்ந்ததில்லையாம், வாங்கிய அன்றே இவர் வெந்நீரில் நனைத்து உரித்ததாம். தோள்வலி என்பதே கிடையாதாம். எப்போது பார்த்தாலும் அசதி, ஒன்றிலும் மனசு ஓடவில்லை என்று ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். ரத்தத்தைப் பார்த்ததில் அந்த ஆண்பிள்ளைச் சரக்கு குறைந்திருக்கிறது. அதை ஏற்றத்தான் ஜெல். தோளில் தடவினால் தோல் வழியாக உள்ளே இறங்குமாம். குறைஞ்சுபோச்சுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது, அதான் வலின்னு சொல்லிட்டேன், நீ தேய்ச்சுவிட வருவேன்னு நான் கண்டேனா என்று முணுமுணுத்தார். அந்தத் தாளில், என் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், பெண்கள் தொடக்கூடாது என்று போட்டிருக்கிறது. அதை ஐந்து மாதமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார், ஒருநாளும் படிக்கவில்லை. டாக்டரம்மா ஜெல் என்று கேட்ட பிறகு, வீட்டுக்கு வந்து பரண் துடைக்கிற சாக்கில் ஏணி மேல் நின்று படித்திருக்கிறார்.

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லை, முதலில் பாத்ரூம் வேண்டியிருந்தது. அதற்குள் டிராஃபிக் போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். மேலே எல் போர்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து இவரிடம், சார், நடுரோட்டில நிறுத்தக்கூடாதுன்னு இவங்களுக்கு முதல் நாளே சொல்லித்தர மாட்டீங்களா என்று கேட்டார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, அவங்க மேல தப்பே இல்ல சார், எல்லாம் என் தப்புதான் என்றார். போலீஸ்காரருக்கு அது எவ்வளவு பெரிய வாக்குமூலம் என்று தெரியாது. போங்க போங்க என்று கையைக் காட்டினார்.

அவ்வளவு தண்ணீர் குடித்தாயிற்று, ஸ்கேனும் எடுத்துவிடுவோம் என்று எடுத்தோம். சூலகம் சுத்தம், சுரப்பி சுத்தம். டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எண் சீக்கிரம் இறங்கிவிடுமாம். மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். முடி அடங்க மட்டும் சில மாதம் ஆகும். இவருடைய எண் என்ன என்று கேட்டார். இருநூற்றுப் பதினாலு என்று மெதுவாகச் சொன்னார். ஆணுக்கு முன்னூறாவது இருக்க வேண்டுமாம். முதல் தடவை நான் ரத்தம் கொடுத்த அதே வெள்ளிக்கிழமை இவரும் அங்கே கொடுத்திருக்கிறார்; லேபில் எங்கள் இரண்டு டியூபும் மாறவே இல்லை. ஒரு பொம்பளை எண் ஆம்பளை எண்ணைவிடக் கூட இருக்கிறதே என்றுதான் அந்தப் பெண் பதறியிருக்கிறாள். நான் பாவப்பட்ட அந்த மனுஷர் ஐந்து மாதமாக என் முன்னால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் தோளுக்குப் போக வேண்டியதில் பாதியை என் கை வாங்கிக்கொண்டது.

ஜெல்லுக்காக நான் கோபப்படவில்லை. நம்பு. அவருக்குக் குறைந்தால் குறையட்டும், எனக்குக்கூடத்தான் கூடியது. என்னால் தாங்க முடியாதது அந்த இரண்டு நாள். வியாழக்கிழமை தெரிந்தவர் சனிக்கிழமை நடுரோடு வரை வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளில் நான் என் சாவுப் படத்தைத் திருத்தி முடித்திருந்தேன். ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து, ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது. சொன்னா நீ என்னை முன்ன மாதிரி பார்க்க மாட்டேன்னு நினைச்சேன் என்றார், அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நானும் ஒரு மாதம் அதே பயத்தில்தானே ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்குக் கூடியதையும் ஒருவருக்குக் குறைந்ததையும் பூசி மெழுகிக்கொண்டு, லேப் பெஞ்சில் சந்தித்தோம்.

இப்போது அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே தடவுகிறார். ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி கை கழுவுகிறார். முழுக்கைச் சட்டையைப் பொத்தானிட்டுக்கொண்டு வந்து, என்னிடமிருந்து ஒரு கஜம் தள்ளி உட்காருகிறார். தண்டனையாக, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் நான் தாடை முடியை எடுக்கும்போது அவர்தான் கண்ணாடி பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று வண்டி திருப்பச் சொல்லித் தருகிற மாதிரியே சொல்கிறார்.

இனி உன் விஷயம். படத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேனே.

உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னவளே. நெற்றியில் தோலின் துளைகள் தெரிகின்றன, கன்னத்தில் தெரிகின்றன, தாடைக்கு வந்ததும் வழித்த மாவு மாதிரி ஆகிவிடுகிறது. இடது காதோரம் துடைக்கும்போது பிரஷ் பெரிதாகிவிட்டது, மஃப்ளரின் நூலையும் சேர்த்துத் துடைத்திருக்கிறாய். மூன்று வருஷமாக நீ அனுப்பிய படங்களை எல்லாம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கை. நான் சோறு தின்பது இந்த வேலையில்தான். என்னிடமே இதைச் செய்வாயா?

கோபமில்லை. அடையாள அட்டையில் நானும் அதைத்தான் செய்தேன். கூட வேலை செய்கிறவர்கள் கடற்கரைக்குப் போனபோது நீ மட்டும் தலைவலி என்று தங்கிவிட்டதை எழுதியிருந்தாய், அப்போது எனக்குப் புரியவில்லை. அம்மாவின் இழுப்பறையில் அந்த இடுக்கி ஏன் இருந்தது என்று இப்போது புரிகிறது. அதை வைத்து அம்மா ஒருநாளும் ஒரு நூலைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

உன் வீட்டில் குற்றம் சாட்ட ஒரு ஜெல்லும் இல்லை, ஒரு அத்தானும் இல்லை. அதனால்தான் நீ போக வேண்டும். டாக்டரம்மாவிடம் உனக்காகவே கேட்டேன். நிறையப் பெண்களுக்கு இது வருகிறதாம், அம்மாவிடமிருந்து மகளுக்கு வருவதும் உண்டாம், பெரும்பாலும் மருந்தில் அடங்குகிற சமாச்சாரம்தானாம். எப்போதாவது ஒருத்திக்குத்தான் வேறு ஏதாவது இருக்கும். உன்னுடையது எது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் அத்தான் இரண்டு நாள் மறைத்ததற்கே நான் இந்தப் பாடுபட்டேன், நீ மூன்று வருஷம் தனியாக எப்படித்தான் இருந்தாய்? போகும் முன் என்னைப் போல் சுத்தம் செய்துகொண்டு போகாதே. இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில், காலையிலேயே போய் ரத்தம் கொடு. முகத்தில் தடவுவது, வாயில் போடுவது எல்லாவற்றையும் தாளைப் படித்து, ஒன்று விடாமல் சொல்லிவிடு. என்ன எண் வந்தாலும் முதலில் எனக்கு எழுது.

இதோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். முதலாளி இன்று காலை எடுத்தது. ஒரு புள்ளிகூடத் துடைக்கவில்லை, பதினோரு மதிப்பெண்ணில் முகத்துக்கு உரியது அத்தனையும் இருக்கிறது. ஃபோல்டரில் இருந்த பழைய படத்தை அழித்துவிட்டு இதைத்தான் அங்கே வைத்திருக்கிறேன்.

நல்லா இருப்பாய், என் கண்ணே, நூறு வருஷம் நல்லா இருப்பாய். கேமரா சரியாகிவிட்டது என்று ஒருநாள் காலையில் கூப்பிடு. நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா